ராக் அண்ட் ரோலின் முதல் பாடகிகள்: ஒரே ஒரு இசைத்தட்டு வாங்குவதென்றால் யாருடையது?

அக்கா மகள் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள், கூடவே கிட்டார் கற்றுக்கொள்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது என் அலமாரியிலிருந்த இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் மாமா, எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், பட்டி ஹாலின்னு எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்கு. அந்தக் காலத்துல பொம்பளைங்க யாரும் பாடலையா?"

பாடினார்கள். என் அலமாரியில்தான் இல்லை. அவர்களை எல்லாம் நான் போனில் கேட்டேனே தவிர, காசு போட்டு வாங்கவில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், "உன் பிறந்தநாளுக்கு ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று வாய்விட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தட்டின் விலைக்கு நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டு வரலாம். எனவே ஒன்றே ஒன்றுதான். யாருடையது? இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டதன் கணக்கு இது. இதே தொல்லையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில், இந்தக் காலத்துப் பாட்டை வாங்குவதில் உள்ள வில்லங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1950களில் இவர்கள் 'ஆல்பம்' என்று யோசித்துப் பாடவில்லை. பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் 78, 45 சுழற்சித் தட்டுகள்தான். எல்பி என்ற நீண்ட நேரத் தட்டு, நாலைந்து வருடத்தில் சேர்ந்த தனிப்பாட்டுகளைப் பொறுக்கிப் பின்னால் ஒட்டியது. ஆகவே இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் தொகுப்பு. அதில்தான் ஏமாறுவோம். பழைய பாடகர்கள் பலர் பிற்காலத்தில் சின்னக் கம்பெனிகளுக்காகத் தங்கள் பாட்டையே மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் இருபது வயதுப் படம் இருக்கும், உள்ளே இருக்கும் குரலுக்கு வயது ஐம்பது. ஒருமுறை இப்படி மலிவாக ஒன்று வாங்கி வந்து ஊசியை வைத்தால், டிரம்ஸ் சத்தம் 1980களின் கல்யாண ஆர்கெஸ்ட்ரா மாதிரி தட்தட்டென்று கேட்டது. அட்டையைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் படித்தபோதுதான், கடைசி வரியில் எறும்பு எழுத்தில் 'புதிய ஒலிப்பதிவு' என்று இருந்தது. போன் ஆப்களிலும் இதே கதைதான். ஆண்டையும் கம்பெனிப் பெயரையும் பார்க்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, மோனோவை ஸ்டீரியோ என்று விற்பது. 1960களில் பழைய மோனோ ஒலிநாடாவை எடுத்து, ஒரு பக்கம் கீழ்ஸ்தாயியும் மறுபக்கம் மேல்ஸ்தாயியுமாகப் பிரித்து 'ஸ்டீரியோ' என்று வெளியிட்டார்கள். கேபிட்டல் கம்பெனி அதற்கு 'டியூஃபோனிக்' என்று பெயரே வைத்திருந்தது. பாடகி கிணற்றுக்குள் நின்று பாடுவது போலிருக்கும். மோனோ என்று எழுதியிருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள். இந்தக் காலத்துப் பாட்டுக்கு மோனோதான் அசல்.

இனிப் பாடகிகள். என் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள்.

பிரெண்டா லீயை முதலில் எடுத்தேன், முதலிலேயே கீழேயும் வைத்தேன். திறமையில் குறை எதுவும் இல்லை. நாலடி ஒன்பது அங்குல உயரம். 1957-இல் 'டைனமைட்' என்ற பாட்டு வந்தபோது வயது 12. அதிலிருந்து 'லிட்டில் மிஸ் டைனமைட்' என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. 1958-இல், 13 வயதில், அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று 65 வருடம் கழித்து 2023 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் போடும் பாட்டு வரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1962-இல் ஹாம்பர்க் நகரில் அவர் மேடையேறுவதற்கு முன்னால் வாசித்த குழுக்களில் ஒன்று பீட்டில்ஸ். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு எல்பி முழுக்கக் கேட்டால் ஆட்டம் போடும் பாட்டு மூன்றோ நாலோதான் தேறும். 1960-இல் 'ஐ'ம் சாரி' முதலிடத்துக்குப் போனபின், வயலின்கள் பின்னால் உருக, காதல் சோகமாகவே பாட வைத்துவிட்டார்கள். அக்கா மகள் கேட்டது அதை அல்ல.

எட்டா ஜேம்ஸ் விஷயம் வேறு. 1955-இல் அவர் பாடி வந்த முதல் பாட்டு, கறுப்பினத்தவர் இசைக்கென்று தனியாக இருந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அப்போது அவருக்கு வயது 17. பாட்டில் வரும் 'ரோல்' என்ற சொல்லே ஆபாசம் என்று பயந்து, தலைப்பை 'தி வால்ஃபிளவர்' என்று சாதுவாக மாற்றினார்கள். அதையே ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகி 'ரோல்' இருந்த இடத்தில் 'டான்ஸ்' என்று போட்டுப் பாடினார், அது பாப் பட்டியலில் முதலிடம் போனது. இந்த அம்மையாரின் பெயரை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவார். எட்டாவை நான் விட்டதற்குக் காரணம், அவருடைய உச்சம் 1960-க்குப் பிறகுதான் வருகிறது. அது சோல் இசை, அதற்குத் தனியாக ஒரு தட்டு வாங்க வேண்டும்.

பிக் மாமா தார்ன்டனிடம்தான் நிறைய நேரம் நின்றேன். 'ஹவுண்ட் டாக்' என்றால் எல்லோருக்கும் எல்விஸ். ஆனால் 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் அதை முதலில் பாடிப் பதிவு செய்தவர் இவர். எழுதிய லீபரும் ஸ்டோலரும் அப்போது 19 வயதுப் பையன்கள். 1953-இல் வெளிவந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எல்விஸுடையது வேகம், துப்பாக்கி வெடிப்பது போல டிரம்ஸ். பாட்டு யாரைப் பற்றியது என்றே புரியாது. முயல் பிடிக்காத நாயைப் பற்றி ஏன் இவ்வளவு கோபம்? அந்த முயல் வரி, எல்விஸ் கேட்ட ஒரு லாஸ் வேகஸ் குழுவின் கைச்சரக்கு. தார்ன்டன் பாடியதில் முயலே கிடையாது. உட்கார்ந்து தின்ன வந்த ஒருத்தனை வாசலில் நிறுத்தி, இனி உனக்கு இங்கே சோறு இல்லை என்று விரட்டுகிறாள் ஒருத்தி. அவசரமே இல்லாத தாளம், பீட் லூயிஸின் கிட்டார் அவருக்குப் பின்பாட்டுப் பாடுவது போலக் கூடவே முனகுகிறது. கடைசியில் வாத்தியக்காரர்கள் நாய் மாதிரி குரைத்து ஊளையிடுகிறார்கள். அதைக் கேட்டபின் மற்றது எனக்குக் கார்ட்டூன் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பாட்டுக்குத் தனக்குக் கிடைத்தது மொத்தமே 500 டாலர் அளவில்தான் என்று பிற்காலத்தில் தார்ன்டன் சொல்லியிருக்கிறார். அவரைத் தொகுப்பாக வாங்கினால் நிறைய ப்ளூஸ் வரும், அருமையான ப்ளூஸ். ஆனால் ராக் அண்ட் ரோலின் வாசலில் நிற்பது அந்த ஒரு பாட்டுதான். ஒரு பாட்டுக்காக ஒரு தட்டா? காசு இருந்தால், ஆமாம். (சும்மா ஒரு தகவல்: தார்ன்டனும் பிரெண்டா லீயும் பிறந்தது ஒரே தேதி, டிசம்பர் 11. அவர் 1926, இவர் 1944. இதைவிட ஒட்டாத இரண்டு குரல்களைத் தேடிப் பிடிக்க முடியாது.)

மீதி நாலு பேர்.

கிட்டார் கற்கும் பெண்ணுக்கு சிஸ்டர் ரொசெட்டா தார்ப்தானே என்று இதைப் படிக்கும் பாதிப் பேர் ஏற்கனவே முடிவு செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1915-இல் ஆர்கன்சாவில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா மாண்டலின் வாசித்துக்கொண்டே ஊர் ஊராக நற்செய்தி சொன்னவர். சின்ன வயதிலேயே அம்மாவோடு மேடையேறிய இந்தப் பெண் 1938-இல் டெக்கா கம்பெனிக்குப் பாட வந்தார். சாமி பிரைஸின் பியானோவோடு 1944-இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பெனிங் எவ்ரி டே'தான் முதல் ராக் அண்ட் ரோல் தட்டு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1947-இல் ஜார்ஜியாவின் மேகன் நகரில் ஒரு சிறுவன் பாடுவதைக் கேட்டு அவனை மேடைக்கு அழைத்துப் பாட வைத்தார். அவன்தான் லிட்டில் ரிச்சர்ட். 1951-இல் வாஷிங்டனில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் கல்யாணம் செய்துகொண்டார், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் 20,000 பேருக்கு மேல். கல்யாணம் முடிந்து கச்சேரி. நம் ஊர்க் கல்யாணக் கச்சேரிக்கு டிக்கெட் போட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

அவரைப் பற்றி எல்லோரும் காட்டும் காட்சி ஒன்று உண்டு. 1964 மே மாதம், மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். தொலைக்காட்சிக்காரர்கள் அதை அமெரிக்கத் தென்பகுதி ஸ்டேஷன் மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். ஒரு பிளாட்பாரத்தில் இளைஞர் கூட்டம், எதிர்ப் பிளாட்பாரம்தான் மேடை. மழை பெய்து ஓய்ந்த ஈரம். குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் தார்ப், மேலே கனமான கோட்டு. வெள்ளை கிப்ஸன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுக்கிறார். இடையில் வரும் தனி வாசிப்பைப் பாருங்கள். கை தன் வேலையைப் பார்க்கிறது, முகம் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது.

சிக்கலும் இதில்தான் இருக்கிறது. நாம் மயங்குவது அந்தப் படச்சுருளில். அதை யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம், பார்க்க வேண்டிய விதமும் அதுதான். 1940களின் தட்டுகளை வாங்கிப் போட்டால் வருவது வேறு. சொல்லெல்லாம் தேவாலயச் சொல், கிட்டார் அங்கங்கே மின்னிவிட்டுப் போகும், பக்கத்தில் பியானோதான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு உயிர். ஆனால் 'ராக் அண்ட் ரோல்' என்று கேட்டவளுக்கு இதைக் கொடுத்தால், பாயசம் கேட்டவளிடம் வெல்லத்தை நீட்டியது போல ஆகிவிடும். எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது, உண்மைதான். ஆனாலும்.

வாண்டா ஜாக்சன் நேர் எதிர். போட்ட மூன்றாவது நொடியில் இது ராக் அண்ட் ரோல் என்று தெரிந்துவிடும். 1937-இல் ஓக்லஹோமாவில் மாட் என்ற சிற்றூரில் பிறந்தவர், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகியாகத் தொடங்கியவர். நாஷ்வில்லில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்கு, தோள் தெரியும் கவுன் போட்டுக்கொண்டு போனார். மேடையேறும் நேரத்தில், தோளை மூடாமல் பாட முடியாது என்று மூத்த கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் சொல்லிவிட்டார். மேலே ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பாடிவிட்டு வந்தவர், அந்தப் பக்கமே இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தார். 1955-இல் எல்விஸோடு ஊர் ஊராகப் பாடப் போனபோது, நீயும் இந்த மாதிரிப் பாடு என்று தூண்டியவர் எல்விஸ்தான். அப்பா கூடவே காவலுக்கு. மேடை உடுப்புகளைத் தைத்துக் கொடுத்தது அம்மா.

குரலில் ஒரு உறுமல் இருக்கிறது. தொண்டையை மணல் போட்டுத் தேய்த்தது மாதிரி. அடுத்த வரியிலேயே பச்சைப் பிள்ளை மாதிரி கொஞ்சும். 1957-இல் பதிவான 'ஃபுஜியாமா மாமா'வில் இந்த வித்தை உச்சத்தில் இருக்கிறது. ஆனால் பாட்டின் சொற்களைக் கேட்டால் சங்கடமாக இருக்கும். ஹிரோஷிமா, நாகசாகி இரண்டையும் தன் வீரியத்துக்கு உவமையாகச் சொல்கிறாள் அந்தப் பெண். குண்டு விழுந்து பன்னிரண்டே வருடம்! அமெரிக்காவில் எடுபடாத இந்தப் பாட்டு வெற்றிபெற்ற இடம், ஜப்பான். 1959-இல் அங்கேயே போய்ப் பாடிவிட்டும் வந்தார். இதை அக்கா மகளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குப் புரியவில்லை.

வாங்குகிறவர்களுக்கு: கேபிட்டல் கம்பெனி அவர் தட்டுகளை ஒரு பக்கம் கன்ட்ரி, மறுபக்கம் ராக் என்று வெளியிட்டது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு தொகுப்பு வாங்கினால் பாதி கன்ட்ரி வரும். 1960-இல் வந்த 'ராக்கின் வித் வாண்டா' என்ற எல்பிதான் சரியான இடம். அதிலும் ஒரு ஓட்டை. அவருடைய பெயர் சொல்லும் பாட்டான 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி' அதில் இல்லை, 1958 எல்பியில் இருக்கிறது. அங்கே யாரும் கவனிக்காமல் கிடந்ததை ஐயோவா மாநிலத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளர் தன் நிகழ்ச்சிக்கு அடையாளப் பாட்டாகப் போடப்போய், 1960-இல் தனித்தட்டாகி ஓடியது.

லவெர்ன் பேக்கர், ரூத் பிரவுன் இருவரும் அட்லாண்டிக் கம்பெனி. கடைசிச் சுற்று இவர்களுக்கு இடையில்தான் நடந்தது.

லவெர்னின் 'ட்வீடில் டீ' 1955-இல் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜியா கிப்ஸ் (வந்துவிட்டார்) அதே பாட்டை, அதே வாத்திய அமைப்போடு, இழைக்கு இழை பாடி வெளியிட்டார். பாப் பட்டியலில் லவெர்ன் 14-ஆம் இடம், நகல் இரண்டாம் இடம். பாட்டு எழுதியவருக்கு எப்படியும் காசு வரும், பாடியவருக்கும் இசையமைப்பை உருவாக்கியவருக்கும் ஒன்றும் கிடையாது. லவெர்ன் சும்மா இருக்கவில்லை. இசையமைப்புக்கும் காப்புரிமை வேண்டும் என்று சார்லஸ் டிக்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினார். சட்டம் மாறவில்லை. விமானத்தில் போகும்போது காப்பீட்டுத் தாளில் வாரிசாக ஜார்ஜியா கிப்ஸின் பெயரைப் போட்டு, 'நான் போய்விட்டால் உன் பிழைப்பு என்னாவது' என்று அனுப்பிவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அவர் குரலைக் கேட்டால் செய்திருப்பார் என்றுதான் தோன்றும்.

பிறகு அவர் வாழ்க்கை எங்கெங்கோ போனது. வியட்நாமில் படையினருக்குப் பாடப் போய், நோய்வாய்ப்பட்டு, பிலிப்பைன்ஸில் சுபிக் பே கடற்படைத் தளத்தில் தங்கி, அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் கேளிக்கை நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தார். 1988-இல்தான் திரும்பினார்.

தட்டு என்று பார்த்தால், 'ஜிம் டாண்டி'யில் சாக்ஸபோன் பாய்வதும் பின்னால் குரல்கள் உசுப்பேற்றுவதும் யாரையும் எழுப்பி ஆட வைக்கும். ஆனால் டிங்-டாங் வகைச் சொற்கள் கொண்ட பாட்டுகளை வரிசையாக நாலு கேட்டால் எனக்கு அலுக்கிறது. 'ஐ க்ரைட் எ டியர்' வரும்போதுதான் நிமிர்ந்து உட்கார்கிறேன், அது மெதுவான பாட்டு.

ரூத் பிரவுன், 1928, வர்ஜீனியாவில் போர்ட்ஸ்மவுத். அட்லாண்டிக்கில் சேர நியூயார்க் போகும் வழியில் கார் விபத்து. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, படுக்கையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து. எழுந்து வந்து பாடிய 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' 1950-இல் பதினொரு வாரம் முதலிடம். 1952, 1953 என்று அடுத்தடுத்து முதலிடங்கள். பொடிக் கம்பெனியாக இருந்த அட்லாண்டிக்கைத் தூக்கி நிறுத்தியது இவர் என்பதால், அதை 'ரூத் கட்டிய வீடு' என்பார்கள்.

அவர் குரலில் ஒரு விசேஷம். சொல்லின் கடைசியில், உயரத்துக்குப் போகும் இடத்தில், குரல் சட்டென்று உடைந்து ஒரு கீச்சு எட்டிப் பார்க்கும். 1953-இல் வந்த 'மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' என்ற பாட்டைப் போடுங்கள். தாம்பரின் மட்டும் முதலில் குலுங்கும். பிறகு வாத்தியங்கள். பிறகு அம்மாவைக் கூப்பிடும் அந்தச் சொல், அதன் வாலில் கீச்சு. புருஷனைப் பற்றித் தாயிடம் புகார் சொல்ல வந்த மகள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குரல் நழுவுகிறது. அதைத் தாளத்தை விடாமல் செய்கிறார். அடுத்த பாட்டில் அந்தக் கீச்சு எங்கே வரும் என்று காது தானாகவே காத்திருக்க ஆரம்பித்துவிடும். வாண்டாவின் உறுமல் வரும் இடத்தை ஊகித்துவிடலாம். இதை முடியாது.

1957-இல் அவர் பெயரிலேயே வந்த எல்பி, 1949 முதலான தனிப்பாட்டுகளைச் சேர்த்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் ஆட்டம், அழுகை, கிண்டல், மாம்போ என்ற கியூபா நாட்டுத் தாளம் எல்லாம் வந்துவிடும். வரிசையாகக் கேட்டால், பெரிய வாத்தியக் குழுவின் ஊதல் மெல்ல மெல்ல ராக் அண்ட் ரோலாக மாறுவது காதில் விழுகிறது. மற்ற மூவரிடமும் இந்த மாற்றம் நடந்து முடிந்திருக்கும், அல்லது இன்னும் தொடங்கியிருக்காது.

ஒரே உறுத்தல், காசு யாருக்குப் போகிறது என்பது. 1960களில் வாய்ப்பு நின்றபின், இரண்டு பிள்ளைகளை வளர்க்க ரூத் பிரவுன் வீட்டு வேலை செய்தார், பேருந்து ஓட்டினார். பாட்டுகள் வானொலியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ராயல்டி வரவில்லை. ஹொவெல் பெகிள் என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து வருடக்கணக்கில் போராடி, 1988-இல் அட்லாண்டிக்கைப் பணம் கொடுக்க வைத்தார். தனக்கு மட்டுமல்ல, தன் காலத்துப் பாடகர்கள் பலருக்கும். பழைய பாடகர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் பிறந்ததும் அந்தச் சண்டையில்தான். அடுத்த வருடமே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்து டோனி விருதும் வாங்கினார். இப்படிப்பட்டவரின் தட்டையும் ஐரோப்பாவில் மலிவாக அச்சடித்து விற்கிறார்கள். அங்கே 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. சட்டப்படி சரிதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அட்லாண்டிக் பெயர் உள்ளதாகத் தேடி, கொஞ்சம் தேய்ந்த பழைய பிரதி ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். பழைய பிரதி வாங்கினாலும் அவர் குடும்பத்துக்குக் காசு போகாது என்று அக்கா கணவர் சுட்டிக்காட்டினார். அவர் கணக்குத் தணிக்கையாளர்.

தட்டு திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே மான்செஸ்டர் ஸ்டேஷன் வீடியோவின் இணைப்பை வாட்ஸாப்பில் அனுப்பினேன். கீச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு போன் வந்தது.

"மாமா, தட்டு பழசுன்னு சொன்னியே, கீறல் இருக்கா? அந்த அம்மா பாட்டுல ஒரே இடத்துல கிரீச்சுன்னுது. ஊசிய தூக்கித் தூக்கி வச்சுப் பாக்குறேன்."

"எத்தனை தடவை வச்சே?"

"ஏழெட்டு."

"இன்னொரு தடவை வை."